பத்து வருஷமாகப் புதிதாக ஒன்றும் வரவில்லையா?

ஆகஸ்ட் 11, 2025: வாசகர் ஒருவர் கேட்டது

ஏஐ-யை ஒரு ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். 2015-ல் கையில் இருந்த போனுக்கும் இன்றைய போனுக்கும் கேமராவைத் தவிர என்ன வித்தியாசம்? வெப்சைட் அன்றும் மெதுவாகத்தான் திறந்தது, இன்றும் அப்படியே. கூடுதலாகக் குக்கீக்கு ஒப்புதல் கேட்கும் பெட்டி ஒன்று குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். உருப்படியாக ஏதோ நடந்தது என்பவர்கள் ஒன்றே ஒன்றைக் காட்டட்டும்.

ஆகஸ்ட் 11, இரவு

ஒன்றுதானே? எச்டிடிபிஎஸ். பிரவுசருக்கும் தளத்துக்கும் நடுவே போய்வருவதை வேறு யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் முறை.

2010-ல் ஃபயர்ஷீப் என்று ஃபயர்ஃபாக்ஸுக்கு ஒரு நீட்சி வந்தது. பொது வைஃபையில் உட்கார்ந்து அதை ஓடவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் மற்றவர்களின் பெயரும் படமும் பக்கவாட்டில் வரிசையாக வந்து விழும். ஒருவர் மேல் கிளிக் செய்தால் அவருடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் நாம் இருப்போம். பாஸ்வேர்டைத் திருடவே வேண்டாம். லாகின் பக்கத்தை மட்டும் மறையாக்கம் செய்துவிட்டு, அதன் பிறகு நாம் யார் என்று தளத்துக்குச் சொல்லப் போய்வரும் சின்னக் குறிப்பான குக்கீயைத் திறந்த வெளியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சின்னத் தளங்கள் மட்டுமல்ல, பெரிய தளங்களே அன்று அந்த லட்சணத்தில்தான் இருந்தன.

எச்டிடிபிஎஸ் வைக்கத் தளத்துக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகச் சான்றிதழ் தர ஆரம்பித்தது. அதற்கு முன் காசு கட்ட வேண்டும், கோப்பை வாங்கி சர்வரில் ஏற்ற வேண்டும், காலாவதியாகும் முன் ஞாபகமாகப் புதுப்பிக்க வேண்டும். என் தளத்தைப் படிப்பவர்களே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், இதற்கு இத்தனை பாடா என்று நான் அந்தப் பக்கமே போகவில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் வந்ததும் ஒரே கட்டளை, புதுப்பிக்கக் குறித்த நேரத்தில் சர்வரில் தானாக ஓடும் ஒரு கிரான் வேலை, தீர்ந்தது. 2018 ஜூலையில் குரோம் 68 வந்தபோது, எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களின் தலையில் 'பாதுகாப்பற்றது' என்று எழுத ஆரம்பித்தார்கள். 2023-ல் முகவரிப் பட்டியில் இருந்த பூட்டுப் படத்தையே குரோம் எடுத்துவிட்டது. எல்லா வீட்டிலும் பூட்டு இருந்தால் பூட்டு இருக்கிறது என்று போர்டு மாட்டுவானேன்.

ஆகஸ்ட் 12

"அது பின்னணி வேலை, அதை யார் பார்த்தார்கள்" என்று பதில் வந்திருக்கிறது. யாரும் பார்க்கவில்லை. நான் சொல்ல வருவதே அதைத்தான். மேடை போட்டு, விளக்கை அணைத்து, இசையோடு அறிமுகம் செய்ததில் பாதி இன்று உயிரோடு இல்லை. 3டி டிவி ஞாபகம் இருக்கிறதா? 2010-ல் அது இல்லாத டிவியே டிவி இல்லை என்றார்கள். 2017-ல் சோனியும் எல்ஜியும் கடைசியாக அதைக் கைவிட்டபோது செய்தியாகக்கூட யாரும் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 14

சத்தம் போட்டு வந்து செத்துப்போனவற்றில் எனக்கு மிகப் பிடித்தது ஹ்யூமேன் நிறுவனத்தின் ஏஐ பின். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னப் பெட்டி. திரை கிடையாது, உள்ளங்கையை நீட்டினால் அதில் லேசரால் எழுத்துக் காட்டும். போனுக்கே வேலை இருக்காது என்றார்கள். 2024 ஏப்ரலில் கைக்கு வந்தது. விலை 699 டாலர், அதுபோக மாதம் 24 டாலர் சந்தா. பத்து மாதத்தில் கதை முடிந்தது. 2025 பிப்ரவரியில் எச்பி நிறுவனம் 116 மில்லியன் டாலருக்கு அதன் சொத்துகளை வாங்கிக்கொண்டது, பிப்ரவரி 28-ஆம் தேதியோடு சர்வரை அணைத்தார்கள்.

அந்த அறிவிப்பில் ஒரு வரி உண்டு. இணையம் தேவைப்படாத வசதிகள் தொடர்ந்து வேலை செய்யுமாம். உதாரணத்துக்கு என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பேட்டரி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம்! 699 டாலர் கொடுத்தவர் அதைச் சார்ஜ் போட்டு, சார்ஜ் ஏறிவிட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வாங்கி 90 நாள் தாண்டாதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. முதல் ஆளாக நம்பி வாங்கினவர்களுக்கு நாமம்.

ஆகஸ்ட் 14, சற்று நேரம் கழித்து

எல்லோரும் இப்படி இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கூகுள் தன் ஸ்டேடியா விளையாட்டுச் சேவையை 2023 ஜனவரி 18-ல் மூடியபோது, தன்னிடம் வாங்கிய கருவிக்கும் விளையாட்டுகளுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. கூடவே கன்ட்ரோலரில் பூட்டிக் கிடந்த ப்ளூடூத்தைத் திறந்துவிட ஒரு பக்கமும் போட்டார்கள். சேவை செத்துவிட்டது, அப்படித் திறந்துவிட்ட கன்ட்ரோலர் இன்றும் ப்ளூடூத் உள்ள கம்ப்யூட்டரோடு சேரும். சாவதிலும் ஒரு மரியாதை.

ஆகஸ்ட் 17

சொந்த அனுபவம் கேட்டீர்கள். என்னிடம் ஒரு ஸ்மார்ட் பிளக் இருக்கிறது, பெயர் வேண்டாம். கம்பெனி ஆப்பை நிறுத்திவிட்டது. முன்பு நான் அதில் மாலை விளக்கு எரிய நேரம் வைத்திருந்தேன். அந்த நேரப் பட்டியல் பிளக்குக்குள்ளேயே பதிந்திருக்கிறது, அதை மாற்ற இருந்த ஒரே வழி ஆப். ஆப் இல்லை, பட்டியல் இருக்கிறது. மின்சாரம் ஒருமுறை போய் வந்தால் அதன் கடிகாரம் குழம்பிவிடுகிறது. சரியான நேரம் சொல்லித்தர சர்வரும் இல்லை. ஆகவே நடுராத்திரியில் கூடத்து விளக்கு தானாக எரியும். வந்திருந்த விருந்தாளி பயந்தே போனார். இப்போது அது அலமாரியில். விளக்குக்குச் சாதா சுவிட்ச்தான்.

கடைக்குப் போனால் இப்போது பெட்டியைத் திருப்பி மேட்டர் சின்னம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். 2022 அக்டோபரில் அதன் முதல் பதிப்பு வந்தது. ஆப்பிள், கூகுள், அமேசான், சாம்சங் நான்கும் ஒரே மேசையில் உட்கார்ந்து, வீட்டு ஸ்மார்ட் கருவிகளுக்காக ஒப்புக்கொண்ட பொது மொழி. கட்டளை வீட்டு வைஃபை அல்லது த்ரெட் என்ற, சின்னக் கருவிகளுக்கான வீட்டு வலையமைப்புக்குள்ளேயே போய்வரும். செய்த கம்பெனி நாளைக்கே கடையைச் சாத்தினாலும் விளக்கு போடலாம், அணைக்கலாம். ஒரே கருவியை இரண்டு கம்பெனி ஆப்பிலிருந்தும் இயக்கலாம்.

ஆகஸ்ட் 18

மேலே எழுதியதைப் படித்துவிட்டு எல்லோரும் மேட்டருக்கு ஓடிவிடாதீர்கள். அடிப்படை வேலைகளுக்குத்தான் அந்த உத்தரவாதம். ரோபோ துடைப்பானை மேட்டர் தரத்தில் சேர்த்ததே 2023 அக்டோபரில் வந்த 1.2 பதிப்பில்தான். தரத்தில் இருந்தாலும் கம்பெனி அதைத் தன் கருவியில் சேர்க்க வேண்டும், நம் வீட்டு ஆப்பும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் கவர்ச்சியான வசதிகளில் பலவற்றுக்கு இன்னும் கம்பெனி ஆப்தான் கதி. கருவியை வீட்டு ஆப்பில் இணைக்கத் தேவைப்படும் கியூஆர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள் போன சுவிட்சின் பின்பக்கம் ஒட்டியிருந்தால் அப்புறம் ஸ்க்ரூடிரைவரோடு திரிய வேண்டும்.

ஆகஸ்ட் 23

குக்கீ பெட்டி பற்றி யாரும் பேசவில்லையே. அந்தப் பெட்டிக்கு ஐரோப்பியச் சட்டத்தைத் திட்டுகிறார்கள். ஒப்புதல் வாங்கு என்றுதான் சட்டம் சொன்னது. 'ஏற்கிறேன்' பெரிய பச்சைப் பொத்தானாகவும், மறுப்பு மூன்று பக்கம் தள்ளி சாம்பல் எழுத்திலும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தத் தந்திரத்துக்குத்தான் 2022 ஜனவரியில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 150 மில்லியன் யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 60 மில்லியன் யூரோவும் அபராதம் போட்டது. ஏற்பது ஒரு கிளிக் என்றால் மறுப்பதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் தீர்ப்பு.

பெட்டிக்குப் பின்னால் நடந்த நாடகம் இன்னும் நீளம். நாம் திறந்த தளம் அல்லாமல் விளம்பரக் கம்பெனி போன்ற வேறொருவர் போடும் மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு வருஷத்தில் ஒழிப்போம் என்று 2020 ஜனவரியில் குரோம் அறிவித்தது. அதே வருஷம் மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி ஒன்றும் பேசாமல் முழுசாக அடைத்துவிட்டது. குரோம் தள்ளிப்போட்டது, மறுபடி தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் ஒழிக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனி பிரவுசரும் செய்தால் வேறென்ன ஆகும்.

ஆகஸ்ட் 30

பாஸ்கீ, அதாவது பாஸ்வேர்டுக்குப் பதிலாக நம் கருவியில் இருக்கும் சாவியால் கணக்குக்குள் நுழைவது. இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று. ஒரு தளத்தில் பாஸ்கீ போடும்போது நம் கருவி இரண்டு சாவிகளை உருவாக்குகிறது. ஒன்று பொதுச் சாவி, அது தளத்துக்குப் போகும். இன்னொன்று ரகசியச் சாவி, அது தளத்துக்குப் போவதே இல்லை. அடுத்தமுறை நுழையும்போது தளம் ஒரு புதிரை அனுப்பும், ரகசியச் சாவியால் கருவி கையெழுத்துப் போட்டுத் திருப்பும். கைரேகையோ முகமோ கேட்பது அந்தச் சாவியை எடுக்க நம் கருவியே கேட்கும் அனுமதிக்குத்தான். ரேகை எங்கும் போவதில்லை. இதைப் பலமுறை பலரிடம் சொல்லியாகிவிட்டது, நம்பமாட்டேன் என்கிறார்கள்.

இதில் உண்மையான லாபம், சாவி தளத்தின் முகவரியோடு கட்டப்பட்டிருப்பது. ஒரு எழுத்தை மாற்றிப் போலித் தளம் வைத்தால் நாம் ஏமாறலாம், பிரவுசர் ஏமாறாது. அந்த முகவரிக்கு என்னிடம் சாவியே இல்லை என்று சும்மா இருந்துவிடும். ஓடிபி வாங்கி ஏமாற்றுகிறவர்கள் வயிற்றில் அடிக்கிற விஷயம். இதற்கு அடிப்படையான வெப்ஆத்தன் என்ற தரத்தை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019 மார்ச்சிலேயே ஏற்றுவிட்டது. 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கை கொடுத்த பிறகுதான் நம் போனுக்கு வந்தது.

ஆகஸ்ட் 31

நேற்று எழுதியது பாதிக் கதை. என் போன் திரை உடைந்த நாளைச் சொல்லாமல் விட்டால் அது விளம்பரமாகிவிடும்.

போன் ஒரு கம்பெனி, லேப்டாப் வேறு. பாஸ்கீ எல்லாம் போன் பக்கம். லேப்டாப்பில் மின்னஞ்சலைத் திறக்கப் போனால் கியூஆர் காட்டுகிறது, போனால் ஸ்கேன் செய் என்கிறது. போன் உயிரோடுதான் இருக்கிறது, மணி அடிக்கிறது, திரை மட்டும் கரிக்கட்டை. கறுப்புத் திரைக்கு முன் முகத்தைக் காட்டிக்கொண்டு, எங்கே தட்டினால் கேமரா திறக்கும் என்று குத்துமதிப்பாகத் தடவிப் பார்த்தேன். நடக்கவில்லை. அதே கணக்கோடு ஒரு பழைய டேப்லெட் இருந்ததால் பிழைத்தேன்.

ஆக இரண்டு இடத்தில் பாஸ்கீ போடுங்கள். இரண்டும் ஒரே கம்பெனியாக இருக்க வேண்டாம். ஒரு கம்பெனியின் பாஸ்கீ பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்குச் சாவிகளை மாற்றும் வரைவுத் தரத்தை, பாஸ்கீ தரங்களை வகுக்கும் ஃபைடோ அலையன்ஸ் 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஆப்பிளும் 2025 ஜூன் மாதம், ஐஓஎஸ் 26-ல் அதைத் தருவதாகச் சொன்னது. அது எங்கும் பரவும்வரை, உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு.

செப்டம்பர் 1

"அப்போ பாஸ்வேர்டே மேல்" என்கிறவருக்கு: இல்லை.

செப்டம்பர் 7

யூஎஸ்பி-சி-யைச் சேர்க்கவில்லையே என்று சண்டைக்கு வருகிறார்கள். சேர்த்தாயிற்று. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் புதிய போன், டேப்லெட், கேமரா, ஹெட்போன் எல்லாவற்றுக்கும் அது கட்டாயம். ஆப்பிள் 2023-லேயே ஐபோன் 15-ல் இறங்கி வந்துவிட்டது.

ஆனால் துளை ஒன்றானதே தவிர கேபிள் ஒன்றாகவில்லை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்று நொடிக்கு 480 மெகாபிட், இன்னொன்று 40 ஜிகாபிட். ஒன்று 60 வாட்டோடு நின்றுவிடும், இன்னொன்று 240 வரை தாங்கும். ஐபோன் 15 ப்ரோவின் துளை 10 ஜிகாபிட் வேகம் கொண்டது, அதே பெட்டிக்குள் வந்த கேபிளோ பழைய 480 மெகாபிட் ரகம். 3 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போக வேண்டும் என்றால் கேபிளின் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருந்தாக வேண்டும். 'நான் 5 ஆம்பியர் தாங்குவேன்' என்று அது சார்ஜரிடம் சொன்னால்தான் சார்ஜர் திறந்துவிடும். சிப் இல்லாவிட்டால் 100 வாட் சார்ஜரும் 60-ஓடு அடங்கிப்போகும். என் மேசை டிராயரில் இருப்பவற்றுக்கு நானே மாஸ்கிங் டேப் ஒட்டி வாட்டை எழுதி வைத்திருக்கிறேன். எதுவும் எழுதாதவை சார்ஜுக்கு மட்டும்.

செப்டம்பர் 12

ஏஐ-யை ஒரு ஓரமாக வைக்கச் சொன்னீர்கள். வைக்க முடியவில்லை, அதுவே என் தளத்துக்கு வந்துவிட்டது.

சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். ஏஐ-க்காகத் தளங்களை அள்ளுகிற ஒரு பாட், அதாவது தானாக ஓடும் நிரல், என் பழைய நாட்காட்டிப் பக்கத்தில் 'அடுத்த மாதம்' என்ற இணைப்பைப் பிடித்துக்கொண்டுவிட்டது. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று வெற்றுப் பக்கங்களாகத் தின்றுகொண்டே 22-ஆம் நூற்றாண்டுக்குள் போயிருக்கிறது. நிறுத்தாமல் விட்டிருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ. எந்தப் பாட் எங்கே வரலாம் என்று தளம் எழுதிவைக்கும் ரோபாட்ஸ் கோப்பில் வராதே என்று எழுதியிருந்தேன். அந்தக் கோப்பு 1994-லிருந்து இருக்கும் ஏற்பாடு, 2022-ல்தான் முறையான தரமாகவே எழுதினார்கள். ஆனால் அது வேண்டுகோள், பூட்டு அல்ல. மதிக்கிறவர் மதிப்பார். 2025 ஜூலையிலிருந்து, தளங்களுக்கு முன்னால் நின்று காக்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் தன்னிடம் வரும் புதிய தளங்களுக்கு ஏஐ பாட்களைத் தானாகவே தடுக்கிறது. முப்பது வருஷம் மரியாதையில் ஓடிய விஷயத்துக்கு வாசலில் ஆள் போட வேண்டியதாகிவிட்டது.

எனக்கு ஏஐ மேல் கோபம் இல்லை, தினமும் நிரல் எழுத அதைத்தான் கேட்கிறேன். ஆனால் தேடல் முடிவின் உச்சியிலேயே பதில் வந்துவிட்டால் கீழே இருக்கும் தளத்துக்கு யார் போவார்கள்? போகாத தளத்தை யார் எழுதுவார்கள்? 2024 மே மாதம் கூகுள் அந்த வசதியைத் திறந்த கையோடு, பீட்சாவில் சீஸ் ஒட்ட பசை சேர் என்று அது சொன்னதே, எவரோ பல வருஷம் முன்பு ரெட்டிட்டில் கேலிக்கு எழுதியதிலிருந்து எடுத்தது. கேலி எழுதவாவது அன்று ஒரு மனிதர் இருந்தார்.

செப்டம்பர் 13

இணையத்தில் போட்டால் என்றைக்கும் இருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 2013-ல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்து வருஷத்தில் காணாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-ல் கணக்குச் சொன்னது. அழிய வேண்டும் என்று நாம் நினைப்பது மட்டும்தான் அழியாது.

செப்டம்பர் 20

மெட்டா கண்ணாடி பார்த்தீர்களா? வலது கண்ணாடிக்குள் சின்னத் திரை, மணிக்கட்டில் ஒரு பட்டை. விரலை அசைக்கும்போது தசையில் ஓடும் மின்சைகையை அந்தப் பட்டை படித்துவிடுகிறது. அறிமுக விலை 799 டாலர். 2013-ல் வந்த கூகுள் கிளாஸ் 1500. எனக்குக் கண்ணாடியைவிட அந்தப் பட்டைதான் ஆச்சரியம். கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டே இயக்கலாம் என்கிறார்கள். நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.

அதன் அறிமுக மேடையில் கண்ணாடியிலிருக்கும் ஏஐ-யைக் கேட்டுச் சமையல் செய்துகாட்டப் போய்ச் சொதப்பியதற்கு வைஃபையைக் குறை சொன்னார்கள். உண்மைக் காரணம் அதைவிட அழகு. மேடையில் இருந்தவர் 'ஹே மெட்டா, லைவ் ஏஐ-யை ஆரம்பி' என்றதும் அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லாக் கண்ணாடிகளும் 'இதோ' என்று விழித்துக்கொண்டு, மொத்தமாக ஒரே சர்வர் மேல் பாய்ந்துவிட்டனவாம். அவர்களுடைய தொழில்நுட்பத் தலைவர் ஆண்ட்ரூ பாஸ்வொர்த்தே பிறகு சொன்னது இது. தன் வீட்டுக் கதவைத் தானே உடைத்துக்கொண்ட கதை.

அக்டோபர் 21

நேற்று, பல கம்பெனிகளுக்குச் சர்வரை வாடகைக்கு விடும் அமேசான் கிளவுடின் வட வர்ஜீனியா மையம் படுத்துக்கொண்டது. ஸ்னாப்சாட், ஃபோர்ட்நைட், சிக்னல் என்று வரிசையாகத் தடுமாறின. எல்லோரும் அதைப் பேசிக்கொண்டிருக்க, என் கண்ணில் பட்டது படுக்கைதான். எயிட் ஸ்லீப் என்று ஒரு கம்பெனி, மெத்தை மேல் போடும் உறைக்குள் தண்ணீரை ஓடவிட்டுச் சூடும் குளிர்ச்சியும் மாற்றுகிற படுக்கை விற்கிறது. சர்வர் போனதும் படுக்கை யார் பேச்சையும் கேட்கவில்லை. சிலருக்குச் சூடு குறையாமல் அப்படியே நின்றுவிட்டது. தூங்கவே முடியவில்லை என்று புலம்புகிறார்கள்.

வீட்டிலிருக்கிற மெத்தை, பக்கத்தில் கையில் போன். இரண்டுக்கும் நடுவே எங்கோ வர்ஜீனியா.

அக்டோபர் 25

காரணத்தை அமேசான் எழுதியிருக்கிறது. டைனமோடிபி என்ற தரவுத்தளத்தின் முகவரிப் பதிவைத் தானாகப் புதுப்பிக்கும் இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று முந்தியதில், பதிவு வெறுமையாகிவிட்டது. தரவுத்தளம் நன்றாக இருந்தும் அதன் விலாசம் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. மறுபடியும் டிஎன்எஸ், பெயரைக் கொடுத்தால் விலாசம் சொல்லும் இணையத்தின் முகவரிப் புத்தகம். எப்போதுமே டிஎன்எஸ்தான்.

படுக்கைக் கம்பெனியின் தலைவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சில நாளுக்குள் இணையம் இல்லாமல் ப்ளூடூத்திலேயே இயங்கும் ஒரு வசதியை விட்டிருக்கிறார். யாரும் வந்து மெத்தையைப் பிரித்துப் புது சிப் வைக்கவில்லை. மென்பொருள் மட்டும்தான் மாறியது. இதை முதலிலேயே செய்யாதது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. இல்லை, புரிகிறது. அந்தப் படுக்கைக்கும் சந்தா உண்டு.

அக்டோபர் 26

லேப்டாப் சார்ஜர் பற்றிக் கேட்டவருக்கு: ஐரோப்பாவில் யூஎஸ்பி-சி கட்டாயம் என்ற விதி லேப்டாப்புக்கு 2026 ஏப்ரல் 28 முதல்தான். உங்களுடையது விளையாட்டு லேப்டாப் என்றால் பழைய சார்ஜரைத் தூக்கிப்போட வேண்டாம், யூஎஸ்பி-சி-யின் உச்சம் 240 வாட், அதற்கு மேல் இழுக்கிற மெஷினுக்குத் தனி சார்ஜர்தான். 100 வாட் கேபிளில் போட்டாலும் சிலது சார்ஜ் ஏறும், விளையாடும்போது மட்டும் பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் போட்டிருப்பார்கள், முதலில் அதைப் பாருங்கள்.